பலெர்மோவில் ஏழு நாட்கள்: இப்னு ஜுபைர் கண்ட நகரம்

மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவைக் காண வேண்டும் என்ற எண்ணத்தோடு இப்னு ஜுபைர் புறப்பட்டவரல்லர். ஹஜ்ஜை முடித்துக்கொண்டு தாயகமான அந்தலூஸுக்குத் திரும்பும் வழியில், புயலும் பாறையும் அவரை அத்தீவில் எறிந்தன. கரையேறியவர், அடுத்த கப்பலுக்காகத் துறைமுகம் நோக்கிச் செல்லும் வழியில், ஏழு நாட்கள் அம்மாநகரில் தங்கினார். அந்த ஏழு நாட்களில் அவர் கண்டவற்றை நாம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்து வருகிறோம். சரியாகப் படித்தோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1145இல் வலன்ஸியாவில் பிறந்த இப்னு ஜுபைர், கிரனாடாவின் முவஹ்ஹித் ஆளுநரிடம் செயலாளராகப் பணியாற்றியவர். ஆளுநரின் வற்புறுத்தலால் மது அருந்த நேர்ந்ததாகவும், அதற்குப் பரிகாரமாகவே ஹஜ் பயணம் மேற்கொண்டதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர் மக்கரீ கூறுகிறார். 1183 பிப்ரவரியில் (ஹிஜ்ரி 578) புறப்பட்ட அவர், சப்தாவிலிருந்து ஜெனோவா நாட்டார் கப்பலில் ஏறி, முப்பது நாட்களில் அலெக்சாந்திரியாவை அடைந்தார். அங்கே சுங்க அதிகாரிகள் ஹாஜிகளைச் சோதித்துப் படுத்திய பாட்டைச் சினத்தோடு எழுதியிருக்கிறார். சுல்தான் சலாஹுத்தீன் ஐயூபியை மனமாரப் போற்றும் அதே நூலில்தான் அச்செய்தியும் இடம்பெறுகிறது. தம்மவர் ஆட்சி என்பதற்காகக் குறையை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். பலெர்மோவில் இது நமக்குத் தேவைப்படும்.

1184 அக்டோபரில் அக்காத் துறைமுகத்தில் மீண்டும் ஒரு ஜெனோவாக் கப்பல். ஜெரூசலம் சென்று திரும்பும் கிறித்தவ யாத்திரிகர்கள் ஈராயிரத்துக்கு மேற்பட்டோரும், அவர்களோடு சிறு தொகையினரான முஸ்லிம்களும் அதில் ஏறினர். காற்று எதிர்த்தது, பயணம் இரண்டு மாதம் நீண்டது, உணவும் நீரும் குறைந்தன. ரமழான் பிறந்து சில நாட்களே ஆன நிலையில், டிசம்பர் முற்பகுதியில், மெஸ்ஸீனா நீரிணையில் கப்பல் கரை தட்டி உடைந்தது. உதவிக்கு வந்த படகோட்டிகள் கேட்ட கூலியை ஏழை முஸ்லிம்களால் கொடுக்க இயலவில்லை. தற்செயலாகக் கப்பற்படைப் பணிகளைப் பார்வையிட அங்கு வந்திருந்த நார்மன் மன்னர் இரண்டாம் வில்லியம், கால் தீனார் நாணயங்கள் நூறு கொடுத்து அவர்களைக் கரையேற்றச் செய்தார். மன்னர் அங்கில்லாதிருந்தால் பொருள்கள் கொள்ளைபோயிருக்கும், முஸ்லிம்கள் அடிமைகளாகியிருப்பர் என்று இப்னு ஜுபைரே எழுதுகிறார்.

இந்த மன்னர் ஒரு விந்தையான மனிதர். அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவர். இறைவனைப் புகழும் அரபுச் சொற்றொடரையே அரச முத்திரை வாசகமாகக் கொண்டவர். அவருடைய சமையலறைக்குப் பொறுப்பாளர் ஒரு முஸ்லிம். அரண்மனைப் பணியாளர்களில் பலர் வெளிக்குக் கிறித்தவராகவும் உள்ளத்தில் முஸ்லிமாகவும் வாழ்ந்தனர். தொழுகை நேரம் வந்தால் மன்னர் முன்னிலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக நழுவிச் சென்று தொழுதுவிட்டு வருவார்களாம். அவர்களில் ஒருவரான அப்துல் மஸீஹ் மெஸ்ஸீனாவில் நம் பயணியைத் தம் இல்லத்துக்கு அழைத்து, அங்கிருந்தவர்களுள் ஐயத்துக்குரியோரை அகற்றிய பின்னரே மனம் திறந்தார். மக்காவைப் பற்றியும் மதீனாவைப் பற்றியும் கேட்டு உருகினார். அப்புனிதத் தலங்களிலிருந்து கொண்டுவந்தவற்றில் ஏதேனும் தமக்குத் தருமாறு வேண்டினார். உங்களால் ஈமானை வெளிப்படுத்த முடிகிறது, எங்களால் முடியவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம்.

மெஸ்ஸீனாவிலிருந்து சிறு படகில் கரையோரமாகச் சென்ற பயணிகள், பலெர்மோவுக்கு அருகே கஸ்ர் சஃத் என்னும் பழைய கோட்டையில் ஓர் இரவு தங்கினர். அங்கே நீண்ட தாழ்வாரங்களுடன் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. புதுப் பாய்கள் விரித்து, பித்தளையிலும் படிகத்திலும் ஆன நாற்பதளவு விளக்குகள் தொங்கவிடப்பட்டிருந்தன. பாங்கொலி கேட்டு நெடுநாளாகியிருந்த செவிகளுக்கு அன்றிரவு அது கேட்டது. கடலில் கழிந்த இரண்டு மாதத் துயரத்தை அந்த ஓரிரவு துடைத்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் பலெர்மோ. கிறித்தவர்கள் அப்பெயரால் வழங்க, முஸ்லிம்கள் அதை வெறுமனே 'அல்-மதீனா', நகரம், என்றே அழைத்தனர். 831இல் முஸ்லிம்கள் கைக்கு வந்து, 1072இல் நார்மானியர் வசமான ஊர் அது. 973 வாக்கில் அங்கு வந்த இப்னு ஹவ்கல் 300க்கு மேற்பட்ட பள்ளிவாசல்களை எண்ணியிருக்கிறார். 1154இல் அல்-இத்ரீஸி தம் உலகப் புவியியல் நூலை நிறைவு செய்ததும் அங்குள்ள அரசவையின் ஆதரவில்தான்.

நகரில் நுழையும் அந்நியர்களை விசாரணைக்கு அரண்மனைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். முற்றம் முற்றமாக, தோட்டம் தோட்டமாக அவர்கள் நடத்திச் செல்லப்பட்டனர். நீண்ட வெண்மீசையுடைய அதிகாரி ஒருவர் மென்மையான அரபியில் விசாரித்து அனுப்பினார். வாயிலில் அமர்ந்திருந்த கிறித்தவர் ஒருவர், ஹாஜிகளே, சுங்கக்காரர்களிடம் எச்சரிக்கை என்றாராம். மற்றொருவரோ, மன்னர் நிழலுக்கு வந்தவர்களுக்கு என்ன அச்சம் என்று அவரைக் கடிந்துகொண்டாராம். அலெக்சாந்திரியாச் சுங்கத்தை நினைவில் வைத்திருக்கும் வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்கத்தான் வேண்டும்.

இப்னு ஜுபைரின் கண்ணுக்கு அந்நகரம் குர்துபாவாகத் தெரிந்தது. வெட்டிய கல்லில் எழுந்த மாளிகைகள், நகரைப் பிளந்தோடும் ஆறு, புறநகரில் வற்றாத நான்கு ஊற்றுகள், நடுவில் பழைய கோட்டைநகர் ஆகியவற்றை விரிவாகச் சொல்கிறார். நகரைச் சுற்றியமைந்த அரச மாளிகைகளை இளம்பெண்ணின் கழுத்து மாலைக்கு அவர் ஒப்பிடுவதும் இங்குதான். முஸ்லிம்கள் தனிப் புறநகர்களில் வாழ்ந்தனர். சந்தை அவர்கள் கையில் இருந்தது. வழக்குகளைத் தீர்க்கக் காழி இருந்தார். பள்ளிவாசல்களில் சிறார் குர்ஆன் ஓதினர். ரமழான் இரவுகளில் பெரிய பள்ளிவாசல் விளக்கொளியில் நிறைந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் குத்பா இல்லை, அதற்குத் தடை. பெருநாட்களில் மட்டும் அப்பாஸியக் கலீஃபாவின் பெயரால் குத்பா ஓதப்பட்டது. மாளிகைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் இதை ஓரிரு வரிகளில் சொல்லிச் செல்கிறார். நமக்கோ அந்த வரிகளே அப்பகுதி முழுவதையும்விடக் கனமானவை. ஒரு சமுதாயத்துக்குத் தொழ இடமிருந்தது. தன் பொதுக்குரலை வாரந்தோறும் உயர்த்த இடமில்லை.

கிறிஸ்துமஸ் நாளில் அவர் அந்தாக்கியாவின் ஜார்ஜ் கட்டிய தேவாலயத்தைப் பார்க்கச் சென்றார். 1143இல் கட்டப்பட்ட அது இன்று மார்தொரானா என வழங்குகிறது. பொன்னிழைத்த சுவர்கள், வண்ணச் சலவைக்கல், மேலே ஒளி சிந்தும் பொற்கண்ணாடிச் சாளரங்கள், தூண்களின்மேல் நிற்கும் மணிக்கோபுரம் என வியந்து வியந்து எழுதுகிறார். அதன் அழகு உள்ளத்தைச் சோதனைக்குள்ளாக்குகிறது என்று இறைவனிடம் காவல் தேடுகிறார். அங்கு விரைவில் பாங்கு ஒலிக்க வேண்டும் என்றும் இறைஞ்சுகிறார். வெளியே நகரின் கிறித்தவப் பெண்கள் பொன்னிறப் பட்டுடுத்தி, வண்ண முகத்திரையிட்டு, மருதாணி பூசி, தெளிந்த அரபி பேசி, முஸ்லிம் பெண்களைப் போலவே தோன்றினர்.

இந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, நார்மன் சிசிலியைச் சமய நல்லிணக்கத்தின் பொற்காலமாகச் சித்திரிப்போர் உண்டு. நூல் நெடுகிலும் வரும் சாபங்களையும் வேண்டுதல்களையும் மட்டும் பொறுக்கி, இப்னு ஜுபைரை வெறுப்பாளராகக் காட்டுவோரும் உண்டு. இருசாராரும் பாதி நூலைத்தான் படித்திருக்கிறார்கள். அவரை ஓரிடத்தில் வெறும் சுற்றுலாப் பயணியாகவும் மற்றோரிடத்தில் வெறும் சமயவாதியாகவும் பிரிக்க முடியாது. தம் கண்ணை அவர் மூடிக்கொள்ளவில்லை. கண்டதை அழகென்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கிருந்தது. அந்த அழகின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கும் நேர்மையும் இருந்தது.

அக்கேள்விக்கான விடை மேற்குக் கரைத் துறைமுகமான திராபானியில் கிடைத்தது. கப்பல்கள் புறப்பட அரசாணை தடைவிதித்திருந்ததால் அங்கு நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. 1185 ஜனவரியில் நோன்புப் பெருநாளை அங்கேயே கொண்டாடினார். முஸ்லிம்கள் முரசும் கொம்பும் முழங்கத் தொழச் சென்றதையும், கிறித்தவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டதையும் வியப்போடு குறிக்கிறார். தீவின் முஸ்லிம் தலைவரான அபுல் காஸிம் இப்னு ஹம்மூதையும் அங்கே சந்தித்தார். முவஹ்ஹிதுகளோடு தொடர்புடையவர் என்ற குற்றச்சாட்டில் 30,000 தீனாருக்கு மேல் பறிகொடுத்திருந்தார் அத்தலைவர். குடும்பத்தோடு அடிமையாக விற்கப்பட்டாவது முஸ்லிம் நாடொன்றைச் சென்றடைய மாட்டோமா என்று அவர் ஏங்கியதைக் கேட்டோர் அழுதனர். வீடுகளுக்குள்ளும் அச்சம் புகுந்திருந்தது. தந்தை சினந்தால் மகன் தேவாலயத்துக்குள் ஓடி ஞானஸ்நானம் பெற்றுவிடுவான். அதன்பின் தந்தையால் அவனை மீட்க இயலாது. எனவே பெற்றோர் தம் பிள்ளைகளுக்கே அஞ்சிக்கொண்டு வாழ்ந்தனர். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் மகளை மணந்துகொண்டு உடன் அழைத்துச் செல்லுமாறு ஹாஜிகளிடம் ஆளனுப்பினார். பெண்ணும் இசைந்தாள். ஹாஜிகளில் ஒருவர் ஒப்புக்கொண்டார். தாய் தந்தையரையும் உடன்பிறந்தாரையும் இனிக் காண்போமா என்ற உறுதியின்றி ஒரு பெண் கப்பலேற அணியமானாள்.

1185 மார்ச்சில் கப்பல் புறப்பட்டது. ஏப்ரல் 25இல் இப்னு ஜுபைர் கிரனாடா சேர்ந்தார். நூறு நாணயம் கொடுத்த மன்னர் 1189 நவம்பரில் வாரிசின்றி மறைந்தார். அடுத்த ஆண்டுக்குள் பலெர்மோ முஸ்லிம்கள் தாக்கப்பட்டு மேற்கு மலைகளுக்கு ஓடினர். அரபி அறிந்த மற்றொரு மன்னரான இரண்டாம் ஃபிரெடரிக், 1220களிலிருந்து எஞ்சியோரைத் தென் இத்தாலியின் லுச்சேராவுக்குப் பெயர்த்தார். அக்குடியேற்றமும் 1300இல் ஆஞ்சு வம்சத்து இரண்டாம் சார்லஸால் அழிக்கப்பட்டு, மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

மார்தொரானா இன்றும் நிற்கிறது. 2015இல் யுனெஸ்கோ அதனையும் நகரின் பிற அரபு-நார்மன் கட்டடங்களையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. இப்னு ஜுபைர் தீவை விட்டகன்ற அதே 1185இல் புதிதாகக் கட்டப்பட்ட பேராலயம், முன்பு பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் உள்ளது. அதன் தெற்கு முகமண்டபத்தின் இடப்புறத் தூணில் குர்ஆனின் அல்-அஃராஃப் அத்தியாயத்து 54ஆம் வசனம் அரபியில் செதுக்கப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதனைக் கடந்தே உள்ளே செல்கின்றனர்.