தில்லிப் பேரரசின் தென்திசைப் படையெடுப்பும் கண்ணனூரும் (பொ.ஆ. 1311–1371)

முன்னுரை

பேரரசு ஒன்றின் படை தென்புல அரசுகளுக்குள் புகுவதும், அங்கு அதன் ஆட்சி நிலைபெறுவதும் ஒன்றல்ல. சீனத்தின் ஹான் பேரரசு பொ.ஆ.மு. 111இல் நான்யூ அரசை வென்றபின் அந்நிலத்தை ஒன்பது ஆட்சிப் பிரிவுகளாக்கியது. தில்லிப் படைகளின் வருகையைத் திருவரங்கக் கோயில் சூறையாடப்பட்ட நிகழ்வாக மட்டும் காணும் போக்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கொள்ளிடத்தின் வடபால், சமயபுரத்தை அடுத்துள்ள கண்ணனூரை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

தில்லிக்கு முற்பட்ட கண்ணனூர்

13ஆம் நூற்றாண்டில் போசள வேந்தன் சோமேசுவரன் கண்ணனூரைத் தலைநகராக்கிப் போசளேசுவரம் கோயிலை எழுப்பினான். முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் கண்ணனூரைக் கைப்பற்றிய பின்னரே அரங்கன் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். காவிரிக்கரை ஆதிக்கத்திற்கு இவ்வூர் திறவுகோலாக இருந்தமை இதனால் புலனாகும்.

கொள்ளையும் ஆட்சியும்

1311 மார்ச்சில் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்ட மாலிக் காபூர், ஏப்ரலில் மதுரையை அடைந்தான். அமீர் குஸ்ரோ சுட்டும் 'கந்தூர்' கண்ணனூரே என்பர் ஆய்வாளர். 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கவரப்பட்டன என்பது குஸ்ரோ தரும் கணக்கு. ஆயினும் அரசுரிமைப் போரில் பிளவுற்றிருந்த பாண்டிய உடன்பிறந்தார் இருவரும் பணியவில்லை. அக்டோபரில் படை தில்லி திரும்பியது. பாண்டியர் ஆட்சி தொடர்ந்தது.

1323இல் உலுக்கான் காலத்துப் படையெடுப்பே மாபாரைத் தில்லியின் மாகாணமாக்கியது. திருவரங்கத்தில் தங்கிய படைத்தலைவன் பின்னர்க் கண்ணனூருக்கு மாறியதாகக் கோயிலொழுகு கூறுகிறது. 1335 அளவில் மாபாரின் ஆளுநரே மதுரையில் தன்னாட்சி அறிவித்தான். அதனை அடக்கப் புறப்பட்ட முகமது பின் துக்ளக், வாரங்கலில் கொள்ளைநோயால் படையை இழந்து திரும்பினான்.

1342இல் மூன்றாம் வல்லாளன் கண்ணனூரை முற்றுகையிட்டான். கோட்டையில் 14 நாள் உணவே எஞ்சியிருந்தது என்கிறார் இபின் பதூதா. மதுரைச் சுல்தான் திடீரெனத் தாக்கியதில் வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். போசளர் முயற்சி அங்கேயே முறிந்தது. விசயநகரத் தளபதி கோபணன் சகம் 1293இல் (பொ.ஆ. 1371) துருக்கரை வென்று அரங்கனை மீண்டும் எழுந்தருளச் செய்தமையைத் திருவரங்கக் கல்வெட்டு உரைக்கிறது.

முடிவுரை

1311ஆம் ஆண்டுப் படையெடுப்பு செல்வத்தைக் கவர்ந்ததேயன்றி நிலத்தைக் கொள்ளவில்லை. நிலத்தைக் கொண்ட 1323ஆம் ஆண்டு வெற்றியும் தில்லிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளே பயன்பட்டது. அதன்பின் ஆண்டது மதுரைச் சுல்தானகமே. எனவே 1311 முதல் 1371 வரையிலான அறுபது ஆண்டுகளைத் 'தில்லி ஆட்சிக் காலம்' என ஒருசேரக் குறிப்பது பொருந்தாது. திருவரங்கத்தின் இக்கால வரலாற்றைக் கோயில் ஆவணங்களோடு கண்ணனூர்க் கோட்டையின் வரலாற்றையும் இணைத்தே எழுதுதல் வேண்டும்.