உயர் வெப்ப, உயர் அழுத்தக் கிணறுகளின் சீல்கள்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் வால்வு, பேக்கர், குழாய் இணைப்பு ஆகியவற்றின் இடுக்குகளில் கசிவைத் தடுப்பவை சீல்கள். வெப்பம் 149 டிகிரி செல்சியஸையும் அழுத்தம் 690 பாரையும் தாண்டும் கிணறுகளை உயர் வெப்ப, உயர் அழுத்தக் கிணறுகள் என்பது பிரிட்டனில் நிலைத்த வழக்கம். வட கடலின் எல்ஜின்-பிராங்க்ளின் வயல் அந்த எல்லையை வெகுவாகக் கடந்தது. 2001இல் உற்பத்தி தொடங்கிய இந்த வயலில், 5 கிலோமீட்டருக்கும் கீழே, வெப்பம் சுமார் 190 டிகிரி. உற்பத்தி தொடங்கும்போது அழுத்தம் சுமார் 1,100 பார்.

தொடக்கத்தில் சீல் என்றால் நைட்ரைல் ரப்பர்தான். 1930களில் ஜெர்மனியில் உருவான இது எண்ணெயில் அதிகம் ஊதாது, விலையும் மலிவு. ஆனால் 120 டிகிரியை ஒட்டியே தளர்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் இறுகி விரிசல் விடுகிறது. 1957இல் டுபாண்ட் நிறுவனம் வைட்டான் என்ற புளோரின் ரப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 200 டிகிரி வரை தாங்கும் பொருள் கிடைத்ததும் சிக்கல் தீர்ந்ததாகவே தோன்றியது. ஆனால், எஃகு அரிக்காமலிருக்கக் கிணற்றில் செலுத்தும் அமீன் மருந்துகள் இந்த ரப்பரைத் தாக்கிச் சிதைத்தன. குழாயைக் காப்பாற்றிய மருந்தே சீலுக்கு எமனாயிற்று. அமீனைத் தாங்கும் அஃப்லாஸ் என்ற ரப்பர் ஜப்பானிலிருந்து வந்தது. அதுவோ குளிரில் விறைத்துப்போகும். கிணற்றை மூடினால் கடலடிக் கருவிகள் சில டிகிரி வரை குளிர்ந்துவிடும் என்பதால் இது சிறிய குறையல்ல. 300 டிகிரியை நெருங்கும் பெர்புளோரோ ரப்பரின் விலை மலைக்க வைப்பது. அந்த ரப்பர் சூட்டில் மிருதுவாகி இடுக்கில் பிதுங்கவும் செய்யும். அதைத் தடுக்கப் பக்கத்தில் பீக் பிளாஸ்டிக் வளையம் வைக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட ஏமாற்றுவது வாயு. உயர் அழுத்தத்தில் அது ரப்பருக்குள் மெல்ல ஊறுகிறது. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால், வெளியேற வழியின்றி உள்ளேயே விரிந்து ரப்பரைக் கிழிக்கிறது. கழற்றிய ஓ-ரிங் என்ற வளையச் சீல் மேலுக்கு முழுசாக இருக்கும். குறுக்கே வெட்டினால்தான் உள்விரிசல்கள் தெரியும். இதனாலேயே, சோதனை முடிந்த வளையங்களை வெட்டி விரிசலை அளந்து தரம் பிரிக்கும் முறை நார்வேயின் நார்சாக் எம்-710 தர விதியில் இடம்பெற்றது. பொருளின் வெப்ப வரம்பை மட்டும் பார்த்துச் சீல் வாங்குவது ஆபத்தானது. கிணற்றின் வாயு, மருந்து, குளிர், அழுத்தம் இறங்கும் வேகம் அனைத்தையும் சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

கிணற்றுத் தலையின் அசையாத இணைப்புகளில் இன்று உலோகச் சீல்களே முதன்மை. அவை வாயுவை உறிஞ்சுவதில்லை. ஆனால் அமரும் பரப்பில் ஒரு கீறல் இருந்தாலும் கசியும்.