மண்ணிற் கிடைத்த மருந்து



1954ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், ஜோசப் மர்ரே என்னும் அறுவை மருத்துவர் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து மற்றொருவர் உடலிற் பொருத்தினார். பெற்றவர் எட்டாண்டுகள் உயிர் வாழ்ந்தார். வியத்தகு வெற்றிதான். ஆயினும், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உதித்த இரட்டையர் என்பதை நாம் மறத்தலாகாது. உடன்பிறந்த இரட்டையர் இல்லாத நோயாளி யாது செய்வார்?

பிறருடைய உறுப்பை உடல் ஏற்க மறுப்பதற்குக் காரணம் மருத்துவரின் தையற்குறையன்று. நோய்க்கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்கும் அதே வெள்ளணுக்கள்தாம் புதிய உறுப்பையும் பகையெனக் கருதித் தாக்குகின்றன. இரண்டாம் உலகப் போரில் தீப்புண் பட்டோர்க்குத் தோல் ஒட்டும் முயற்சிகளை ஆராயப் புகுந்த பீட்டர் மெடவார் இதனை ஐயமற நிறுவினார். எனவே காவற்படையை அடக்க மருந்து வேண்டும். 1960ஆம் ஆண்டுகளில் பெரிதும் பயன்பட்டவை அசதயாப்ரின் என்ற மருந்தும் ஸ்டீராய்டுகளுமே. அவை எலும்பு மஜ்ஜையையும் தளர்த்தின. சிறு தொற்றும் உயிரைக் குடித்தது. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதை எனலாம்.

இந்நிலையில், ஸ்விட்ஸர்லாந்தின் பேஸல் நகரிலிருந்த ஸாண்டோஸ் என்னும் மருந்து நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடுமுறையில் வெளியூர் செல்லும் ஊழியர்கள் அங்கங்கே சிறிது மண்ணை அள்ளி வருவார்கள். புதிய கிருமிக்கொல்லி மருந்துகளைத் தரும் பூஞ்சணங்கள் அதில் இருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. 1969இல் நார்வே நாட்டு ஹார்டாங்கர்விட்டா பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சணம் கிடைத்தது. அதன் சாறு கிருமிக்கொல்லியாக அவ்வளவு பயன்படவில்லை. அதனை அத்துடன் மூடி வைத்திருப்பார்கள். நல்வாய்ப்பாக, வேறு சில சோதனைகளுக்கும் அதனை உட்படுத்தினர். 1972இல், அது எலிகளின் எதிர்ப்பாற்றலை அடக்குகிறது, ஆனால் அணுக்களைக் கொல்வதில்லை என்பது தெரிந்தது. இக்கண்டுபிடிப்பிற் பெரும்பங்கு போரெலுடையதா ஸ்டேஹலினுடையதா என்ற வழக்குப் பின்னர் எழுந்தது. அதனைத் தீர்க்க நாம் இங்கு அமரவில்லை.

சைக்ளோஸ்போரின் எனப் பெயர் பெற்ற இப்பொருள் நீரிற் கரையாது. கேம்பிரிட்ஜில் ராய் கால்னேயின் குழுவினர் ஆலிவ் எண்ணெயிற் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1978இல் நோயாளிகளுக்கு வழங்கினர். மாற்றுறுப்பு தங்கியது. ஆனால் அளவு மிகுந்தபோது அந்தச் சிறுநீரகமே நலிந்தது! பின்னர் தாமஸ் ஸ்டார்ஸல் அளவைக் குறைத்து ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்து வழி கண்டார். 1983இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

மருந்து வேலை செய்தது. எவ்வாறு செய்தது என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. விடையின் ஒரு பாதி, தொடர்பே இல்லாத வேறோர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. 1979இல் கிளாட் கிளீ என்னும் அம்மையார், மூளையில் மிகுதியாக உள்ளதும் கால்ஷியத்துடன் இணைவதுமான ஒரு புரதத்துக்குக் கால்சினியூரின் எனப் பெயரிட்டார். பிற புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றுவதே அதன் தொழில் என்பது 1982இல் தெளிவாயிற்று. மூளையை ஆய்ந்தவர்களுக்கு வெள்ளணுவைப் பற்றிய நினைவே இல்லை.

மறு பாதி ஜப்பானிலிருந்து வந்தது. 1984இல் ட்ஸுகுபா மலையடிவாரத்து மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்திலிருந்து, இன்று டாக்ரோலிமஸ் என வழங்கும் மருந்து கிடைத்தது. இதன் அமைப்பு சைக்ளோஸ்போரினைச் சற்றும் ஒத்ததன்று. அணுவினுள் அது பற்றும் புரதமும் வேறு. எனினும் விளைவு மட்டும் ஒன்றே. இரு திருடர்கள் இரு வேறு சாவிகளுடன் வந்து ஒரே பெட்டியைத் திறந்தால், பூட்டைத்தானே ஆராயவேண்டும்? 1991இல் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் குழுவினர் அதனைச் செய்தனர். ஒவ்வொரு மருந்தும் அணுவினுள் தனக்குரிய புரதத்துடன் முதலிற் கைகோக்கிறது. அவ்விணையே பின்னர்ச் சென்று கால்சினியூரினை முடக்குகிறது.

முடக்கினால் என்ன ஆகும்? அயற்பொருளைக் கண்ட வெள்ளணுவினுள் கால்ஷியம் பெருகும். கால்மோடுலின் என்ற புரதம் அதனை ஏற்றுக் கால்சினியூரினைத் தூண்டும். கால்சினியூரின் மற்றொரு புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும். பூட்டு நீங்கிய அப்புரதம் உட்கருவினுள் நுழைந்து, "பெருகுக" என்று படைக்கு ஆணையிடும் இன்டர்லூக்கின்-2 என்னும் பொருளை உண்டாக்கச் செய்யும். கால்சினியூரின் அசையாவிடில் அவ்வாணை பிறப்பதே இல்லை.

கேம்பிரிட்ஜ் மருத்துவர்களைத் திகைக்கவைத்த சிறுநீரக நலிவுக்கும் இதனால் ஒரு விளக்கம் கிட்டியது. கால்சினியூரின் வெள்ளணுவுக்கு மட்டும் உரியதன்று, சிறுநீரகத்திலும் உண்டு. அங்கும் அது முடங்கவே, குருதிக் குழல்கள் சுருங்குகின்றன. இதயமோ ஈரலோ மாற்றப்பெற்றவர்களுக்கும் பல ஆண்டுகளுக்குப் பின் சிறுநீரகம் பழுதுறுவதுண்டு. வேறு வழியில் இயங்கும் பெலாடசெப்ட் என்ற மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எனினும் பெரும்பாலோர்க்கு டாக்ரோலிமஸே இன்னும் கொடுக்கப்படுகிறது. ஆகையால் அதனை உண்போர் குறித்த நாட்களில் காலை வேளை மருந்தை விழுங்குமுன் இரத்தம் கொடுக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை நானோகிராம் உள்ளது என்று பார்த்தபின்னரே மருத்துவர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்.