போயிற்று, போச்சு

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் களவு போனார். 2019-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து திரும்பி வந்தார். இன்றைய செய்தித்தாள் இதை இப்படி எழுதுவது அபூர்வம். ‘திருடப்பட்ட சிலை மீட்கப்பட்டது’ என்பதுதான் அதன் வாய்பாடு. தலைப்பிலோ ‘சிலை மாயம்’ என்று வினைச்சொல்லையே கழற்றி வைத்துவிடும். ஊருக்குள் அப்பளம் காயவைத்துக்கொண்டிருக்கும் ஆச்சியிடம் கேட்டால், “சாமி களவு போச்சு, பொறவு வந்துட்டாரு” என்பார்.

பழைய ‘சுதேசமித்திரன்’ நடையில் இது ‘விக்கிரகம் களவு போயிற்று’ என்றாகும். போயிற்று தேய்ந்துதான் போச்சு ஆனது. ஆயிற்று ஆச்சு ஆன மாதிரி. அச்சில் அவர் சட்டை போட்டிருக்கிறார், தெருவில் துண்டோடு நிற்கிறார், ஆள் ஒருவர்தான்.

நாம் கேட்டு வளர்ந்த கதை வேறு. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கி 1899-இல் நாளேடாக்கிய சுதேசமித்திரன் வடமொழி கலந்த படித்தவர் தமிழ். திருச்செந்தூர்ப் பக்கத்துக் காயாமொழிக்காரரான சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய ‘தந்தி’தான் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். ‘பிரஸ்தாபம்’, ‘அபிப்பிராயபேதம்’ போன்ற பெயர்ச்சொற்களை வைத்துப் பார்த்தால் அது சரி. ‘போ’ என்ற இந்தச் சின்ன வினையை வைத்துப் பார்த்தால் அந்தக் கதை அவ்வளவு நேராக நிற்கவில்லை. களவு போயிற்று, கொள்ளை போயிற்று, உயிர் போயிற்று என்றெல்லாம் பழைய நடையில் பொருள்களும் உயிர்களும் தாமாகவே போயின. அந்த நாள் பத்திரிகைகளிலும் ‘செய்யப்பட்டது’ உண்டுதான். ஆனால் ‘போயிற்று’ அதற்குப் பக்கத்திலேயே கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இரண்டும் ஒரே செய்தியைத் தருவதாகத் தோன்றலாம். ‘திருடப்பட்டது’ என்றால் திருடியவன் எங்கோ இருக்கிறான், தேட வேண்டும். அது காவல் நிலையத்து வாக்கியம். முதல் தகவல் அறிக்கையின் வாடை அடிக்கிறது. ‘களவு போச்சு’ பறிகொடுத்தவரின் வாக்கியம். அதில் திருடன் இல்லை, வெறுமையாகக் கிடக்கும் பீடம்தான் இருக்கிறது. செய்தியாளர் தகவலை யாரிடம் வாங்குகிறாரோ அவருடைய வினைதான் அச்சேறுகிறது என்று நினைக்கிறேன்.

பழைய நடையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. அதில் ‘போ’வுக்குச் சாதி இருந்தது. கூலிக்காரர்கள் போனார்கள், கலெக்டர் ‘விஜயம் செய்தார்’, மடாதிபதி ‘எழுந்தருளினார்’. அமைச்சரையும் பிக்பாக்கெட்காரனையும் ஒரே ‘சென்று’க்குள் அடைத்தது பிற்காலச் செய்தித் தமிழ். அது பெரிய காரியம். ஆனால் அந்தச் ‘செல்’ கல்லிடைக்குறிச்சியில் யார் வாயிலும் இல்லை. பஸ் அம்பாசமுத்திரத்துக்குப் போகும். ‘செல்லும்’ என்பது ஒலிபெருக்கிக்குத்தான் தெரியும்.

ஆற்றையும் பாருங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறியபோது ஏட்டுத் தமிழில் வெள்ளம் ‘கரைபுரண்டு ஓடியது’. கரையில் நிற்பவர்களுக்கு “ஆத்துல வெள்ளம் போகுது.” அதே வாய் “வெள்ளம் வருது” என்றால் பாத்திரம் பண்டங்களை மேலே ஏற்ற வேண்டிய நேரம். அந்த இரண்டு வினைக்கும் இடையிலுள்ள எச்சரிக்கை ‘கரைபுரண்டு’ என்பதில் கரைந்துவிடுகிறது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பழைய ஏடும் புதிய ஏடும் கூட்டுச் சேர்ந்து தெருவுக்கு எதிராக நிற்கின்றன. சாவுச் செய்தி. முன்பு ‘தேகவியோகமானார்’, இன்று ‘இயற்கை எய்தினார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’. தெருவில் “தாத்தா போயிட்டாரு.” அந்தத் தெருதான், உயிரோடிருப்பவர் வாசலில் நின்று “போறேன்” என்று சொன்னால் “வாரேன்னு சொல்லுல” என்று அதட்டுகிறது.