மந்தாரை இலை



சில திங்களுக்கு முன் மந்தாரக்குப்பத்தில் நடந்த மாணவர் கூட்டம் ஒன்றில் பேசச் சென்றிருந்தேன். நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்துள்ள அவ்வூர்ப் பிள்ளைகள், பழுப்பு நிலக்கரியைப் பற்றி நான் கேட்டவற்றுக்கெல்லாம் தயங்காமல் விடையிறுத்தனர். பின்னர், நுனி பிளந்து மாட்டுக் குளம்பு போலத் தோன்றும் இலை ஒன்றைக் காட்டி, "இஃது எம்மரத்தின் இலை?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது மந்தாரை இலை! என் பாட்டியார் அதனைத் தைத்து அதில் எங்களுக்குச் சோறு பரிமாறுவார். ஊரின் பெயரிலேயே ஒலிக்கும் மரத்தை அவ்வூர்ச் சிறுவர் அறியாது போனதேன்? இதற்கு விடை காண, அப்பகுதியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. 1956 நவம்பர் 14 அன்று, இன்று நாம் குழந்தைகள் நாளாகக் கொண்டாடும் அதே நாளில், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி கண்ணுக்குப் புலப்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த காடே அந்தக் கரி. பழைய காட்டைத் தோண்டி எடுக்க மேல்மண் முழுவதையும் அகற்ற வேண்டியிருந்தது. சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன, தோப்புகளும் வயல்களும் மறைந்தன. அவற்றோடு சிறுவரின் விளையாட்டுக் களமும் மறைந்தது.

ஆயினும் சுரங்கத்தின் மீதே பழி முழுவதையும் சுமத்துதல் முறையன்று. நெய்வேலி நகரியத்தில் சாலைதோறும் மரங்கள் நிழல் பரப்புகின்றன. மரம் அருகில் இருப்பது வேறு, மரத்தோடு பழகுவது வேறு. பள்ளி விட்டால் தனிப்பயிற்சி, அது முடிந்தால் கைப்பேசி என்று பொழுது கழியுமாயின், நிழல் தரும் மரமும் அயலாகிவிடும் அல்லவா?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கிறார். அம்மலர்களைப் பறித்துக் குவித்தவர்கள், தினைப்புனம் காத்த இளம்பெண்கள். மலையும் சுனையுமே அவர்களுக்குப் பள்ளி.

இஃது அறிவுக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. உடலுக்கும் நேர்ந்த இழப்பு. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தினர். பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் பொழுது கழித்த சிறுவரிடையே, மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வைக் குறை புதிதாகத் தோன்றுவது குறைந்ததென 2015இல் வெளியான அதன் முடிவு கூறியது. திறந்த வெளியின் ஒளி கண்ணுக்குக் காவல். மண்ணில் ஓடியாடும் கால் வலுப்பெறும். குருவிக் கூட்டைக் காத்திருந்து நோக்கும் உள்ளம் பொறுமை பெறும்.

நண்பர்களே, நாளை முதல் உங்கள் தெருவிலுள்ள ஐந்து மரங்களை இலையால் அறியுங்கள்; பூக்கும் திங்களைக் குறித்து வையுங்கள். நான் மீண்டும் வரும்போது நீங்கள் ஓர் இலையைக் காட்டிப் பெயர் கேட்க வேண்டும்; நான் விடை தெரியாமல் விழிக்க வேண்டும். அத்தோல்வியை மகிழ்ந்து ஏற்பேன்.