ஓல்கா சபோ-ஓர்பான்

ஓல்கா சபோ-ஓர்பான் (1938–2022) ருமேனியாவின் வாள்வீச்சு வீராங்கனை. ஃபாயில் பிரிவில் 1962ஆம் ஆண்டின் உலக சாம்பியன். ருமேனிய வாள்வீச்சின் முதல் ஒலிம்பிக் பதக்கம் இவர் வென்றதே.

டிரான்சில்வேனியாவில் உள்ள குளூஜ் நகரில் பிறந்தார். ஹங்கேரிய மொழி பேசுவோர் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. ஓர்பான் குடும்பமும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்ததுதான்.

வாள்வீச்சின் மூன்று ஆயுதங்களில் ஃபாயில் இலேசானது. நுனியால் மட்டுமே குத்தலாம். எதிராளியின் கை, கால், தலையில் பட்டால் புள்ளி கிடையாது. இருவர் வாளும் ஒரே சமயத்தில் பட்டால், தாக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்த்து நடுவர் முடிவு சொல்வார். ஓல்கா களமிறங்கிய நாளில் ஒலிம்பிக் வாள்வீச்சில் பெண்களுக்கு இருந்த ஒரே போட்டி தனிநபர் ஃபாயில். குழுப் போட்டி 1960இல்தான் வந்தது; எப்பே வாளுக்கு 1996 வரையும், சேபர் வாளுக்கு 2004 வரையும் பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கின்போது ஓல்காவுக்கு வயது 18. இறுதிச் சுற்று இன்றுபோல் இருவர் மோதும் ஒற்றை ஆட்டமாக இருக்கவில்லை. எஞ்சியவர்கள் ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் மோதி, வெற்றிக் கணக்கில் முதலிடம் முடிவாகும். ஓல்காவும் பிரிட்டனின் ஜில்லியன் ஷீனும் தலா ஆறு வெற்றிகளுடன் சமநிலையில் நின்றார்கள். எனவே இருவருக்கும் மட்டும் இன்னொரு மோதல். அதில் 4–2 என்று ஷீன் வென்றார். பல் மருத்துவரான அவர் பெற்ற அந்தத் தங்கம்தான் ஒலிம்பிக் வாள்வீச்சில் பிரிட்டனின் ஒரே தங்கமாக இன்றும் இருக்கிறது. இரண்டு புள்ளிகளில் நழுவியது எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, புவனோஸ் ஐரிஸில் நடந்த உலகப் போட்டியில் தனிநபர் பட்டத்தை வென்றார். அதன்பின் குழுவோடு சேர்ந்தும் பதக்கங்கள் கிடைத்தன: 1969இல் ஹவானாவில் உலகக் குழுப் பட்டம், 1968 மெக்சிகோவிலும் 1972 மியூனிக்கிலும் ஒலிம்பிக் வெண்கலம். அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் வரிசை மாறவே இல்லை: சோவியத் ஒன்றியம், ஹங்கேரி, ருமேனியா. ஓல்காவின் தாய்மொழி பேசும் நாடான ஹங்கேரி இருமுறையும் ஒரு படி மேலே நின்றது.

சாதனைக்கு ஏற்ற புகழ் அவருக்கு வாய்த்ததாகச் சொல்ல முடியாது. ருமேனியப் பெண்கள் விளையாட்டு என்றால் அறுபதுகளில் உயரம் தாண்டிய யோலாண்டா பாலாஷ், எழுபதுகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கோமனெச்சி என்றே உலகம் பேசியது. வாள்வீச்சுக்குள்ளும் 1968இல் இயோன் டிரிம்பா வென்ற தங்கம் ஓல்காவின் மெல்பர்ன் வெள்ளியைப் பின்னுக்குத் தள்ளியது. பெண்கள் ஃபாயில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் ருமேனியாவுக்கு 1996இல் அட்லாண்டாவில், லாரா படேயா வழியாகவே வந்தது. ஓல்கா 2022 ஜனவரியில், 83ஆம் வயதில் காலமானார்.