எக்ஸ்-மென்: வுல்வரினுக்கு ஓய்வு கொடுக்குமா மார்வெல்?

2000-ல் வந்த முதல் ‘எக்ஸ்-மென்’ படத்திலிருந்தே கதை பெரும்பாலும் ஒரே ஆளைச் சுற்றித்தான்: ஹியூ ஜாக்மேனின் வுல்வரின். 2017-ல் ‘லோகன்’ படத்தில் அவரைக் கண்ணீரோடு வழியனுப்பினார்கள். 2019-ல் ஃபாக்ஸ் ஸ்டுடியோ டிஸ்னி கைக்குப் போனது. 2024-ல் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ படத்தில் வேறொரு உலகத்து வுல்வரினாக மறுபடியும் அதே ஜாக்மேன்! வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. சரி, ஆனா இன்னும் எத்தனை தடவை?

1963-ல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி உருவாக்கிய காமிக்ஸில் வுல்வரினே கிடையாது. அவர் அறிமுகமானது 1974-ல்தான். சேவியரின் பள்ளியில் ஐந்து மாணவர்கள், அவர்களைப் பார்த்து மிரளும் ஊர். இதுதான் எக்ஸ்-மென்னின் உயிர்.

ஜேக் ஷ்ரையர் இயக்கும் புதிய படம் அந்த வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். பழைய படங்களில் சைக்ளாப்ஸுக்கும் ஸ்டார்முக்கும் பெரிதாக வேலையே இல்லை. வுல்வரின் ரெண்டாவது படத்தில் வரட்டுமே!